மீதி மூன்று

லுகாங் ஊரில் ஷி குன்சாயும் அவர் மகன் ஹோங்ஷெங்கும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர்கள் பட்டறையில் செய்யும் தண்ணீர்க் குழாய்களை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனி வியட்நாம் பக்கம் போன அன்று தொடங்கிய சண்டை அது. பட்டறையில் இருவரும் அடுத்தடுத்த இயந்திரத்தில் நின்றாலும், "அவன்கிட்ட சொல்லு", "அவர்கிட்ட சொல்லு" என்று எல்லாப் பேச்சும் அம்மா சியூலுவான் வழியாகத்தான் போய் வந்தது.

அந்தச் சண்டையை ஹாலந்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் முடித்துவைத்தது. அதைப் படித்துச் சொன்னவள் மகள் பெய்ரோங்.

ஹாலந்துக்காரர்கள் எட்டுக் குழாய்களுக்கு சாம்பிள் கேட்டிருந்தார்கள். ஐந்து அப்பாவின் பழைய மாடல்கள். மூன்று அண்ணன் புதிதாக வரைந்தவை. டிர்க் என்ற அதிகாரி பதில் எழுதியிருந்தார். 'ஐந்தும் கிடைத்தன, நன்றி. அவுட்ஸ்டாண்டிங் மூன்றில் எங்களுக்கு மிகுந்த ஆர்வம். பத்தாம் தேதி எங்கள் குழு கூடி முடிவெடுக்கிறது.'

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, நடைபாதையில் நின்றபடி பெய்ரோங் அதைப் படித்தாள். உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"அப்பா, அண்ணனோட மூணும் பிரமாதமாம்! தலைசிறந்ததுன்னு எழுதியிருக்காங்க!"

குன்சாய் ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பட்டறையைக் குறுக்கே கடந்து போய், மகனின் தோளில் கை வைத்தார். சியூலுவான் அன்று அடுப்படியில் நின்று அழுதாள்.

அன்றே அவர் முடிவு செய்துவிட்டார். பத்தாம் மாதம் பத்தாம் தேதி வரும் 'இரட்டைப் பத்து' தேசிய விடுமுறையன்று, பட்டறைக்கு முன்னால் பந்தல் போட்டு ஊருக்கு விருந்து. அதே மேடையில் பட்டறையை மகன் கையில் ஒப்படைப்பது.

அந்த நாள் இன்று.

---

பெய்ரோங்குக்குக் காலையில் வகுப்பு இருந்தது. விடுமுறைக்கென்றே வைத்த சிறப்பு வகுப்பு என்பதால் விடமுடியவில்லை. தைச்சுங்கில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் டியூஷன் சென்டரில் அவள் வியாபார ஆங்கிலம் நடத்துகிறாள். படிக்க வருபவர்கள் எல்லோரும் ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்று சைக்கிள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஷூமின் கை தூக்கினாள். "எங்க இத்தாலிக்காரர் 'அவுட்ஸ்டாண்டிங் டாக்குமெண்ட்ஸ்'னு எழுதியிருந்தார். நம்ம டாக்குமெண்ட் தலைசிறந்ததா இருக்குன்னு பாராட்டறார்னு மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு சந்தோஷத்துல எனக்கு பபிள் டீ வாங்கிக் கொடுத்தாரு."

"குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சிட்டேனே."

"அப்ப இனிமே திருப்பிக் கொடுக்க முடியாது," என்றாள் பெய்ரோங்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பினாள்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் விழற பள்ளம் இது. அகராதில முதல் அர்த்தம் 'தலைசிறந்த'. அதோட மூடி வச்சிடறோம். ஆளைப் பத்திச் சொன்னா, திறமையைப் பத்திச் சொன்னா, அந்த அர்த்தம் சரி. ஆனா டாக்குமெண்ட், ஆர்டர், பிரச்சினை, இதுங்களுக்கு முன்னாடி வந்துச்சுன்னா கொஞ்சம் நில்லுங்க. இன்னும் வராதது, இன்னும் முடியாதது, பாக்கி நிக்கறது. உங்க இத்தாலிக்காரர் பாராட்டலை. 'மிச்ச பேப்பர் எங்கம்மா?'ன்னு கேக்கறாரு."

"ஐயோ!" என்று ஷூமின் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒரு உதாரணம் எழுதிக்கோங்க. ஒரு கம்பெனி எட்டுப் பெட்டி கேட்டிருக்கு. 'ஐந்து பெட்டிகள் கிடைத்தன. அவுட்ஸ்டாண்டிங் மூன்றில்...'"

பேனா பலகையிலேயே நின்றது.

யாரோ ஒருவர் அந்த வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தார். இன்னொருவர், "மீதி மூணு இன்னும் வரலைன்னு அர்த்தம், சரியா டீச்சர்?" என்றார்.

"சரி," என்றாள் பெய்ரோங். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. "ரொம்ப சரி."

---

மாடிப்படியில் உட்கார்ந்து பழைய மின்னஞ்சல்களைத் திறந்தாள். முதலாவதைவிட இரண்டாவதுதான் அவளைக் கொன்றது. போன வாரம் டிர்க் கேட்டிருந்தார்: 'அந்த அவுட்ஸ்டாண்டிங் மூன்று பற்றி ஏதாவது செய்தி உண்டா?' அதற்கு அவள் எழுதியிருந்த பதிலும் கீழேயே இருந்தது: 'மிக்க நன்றி! அந்த மூன்றை நினைத்து எங்கள் குடும்பமே பெருமைப்படுகிறது.'

அதன் பிறகு டிர்க்கிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பெரிய மனிதர், வேலை அதிகம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காது மடல் வரைக்கும் சூடேறியது. எந்தச் சொல்லை வைத்துப் பிழைக்கிறாளோ, அந்தச் சொல். சற்று முன் எந்தப் பள்ளத்தைக் காட்டிச் சிரித்தாளோ, அதற்குள்ளேயே மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். பின்னணியில் விருந்துக்கான பெரிய அடுப்புகளின் இரைச்சல்.

"அண்ணா, உன்னோட மூணு குழாயும் ஹாலந்துக்குப் போச்சா, போகலையா?"

மறுபக்கம் யாரையோ எட்டிப் போகச் சொல்லும் அவன் குரல் கேட்டது.

"அண்ணா!"

"யாரு சொன்னா உனக்கு?"

"அப்ப போகலை."

"குரோம் பூச்சு சரியா பிடிக்கலை, அ-ரோங்," என்று அவளைச் செல்லப் பெயரில் கூப்பிட்டான். "வெயில்ல வச்சுப் பாத்தா பொடிப் பொடியா புள்ளி. அதை எப்படி அனுப்பறது? சரி பண்ணி அப்புறம் அனுப்பிக்கலாம்னு அப்பாவோட அஞ்சை மட்டும் பெட்டியில வச்சு ஒட்டிட்டேன்."

"நான் ஃபோன் பண்ணி பிரமாதம்னு கத்தினப்போ உனக்குத் தெரியாதா? பாக்காத குழாயை எவனாவது பாராட்டுவானா?"

"தெரியும். ஏதோ தப்பு நடந்திருக்குன்னு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"அப்பா வந்து தோள்ல கை வச்சிட்டாரே," என்றான் ஹோங்ஷெங். "நான் என்ன பண்ணட்டும்? அதுவும் இல்லாம, நீ இங்கிலீஷ் டீச்சர். நீயே படிச்சுட்டு நல்லதுன்னு சொல்றே. நமக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன்."

அவள் ஃபோனை வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

லுகாங் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து டிர்க்குக்கு எழுதினாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் என்னென்ன எழுதலாம் என்று மாணவர்களுக்கு அவளே பாடம் நடத்தியிருக்கிறாள். அதில் ஒரு வாக்கியம்கூட இன்று உதவவில்லை. எழுதி எழுதி அழித்து, கடைசியில் மிஞ்சியது இதுதான்: 'உங்கள் சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். மூன்று சாம்பிள்களும் இன்னும் எங்களிடமே இருக்கின்றன. தவறு முழுவதும் என்னுடையது. தயவுசெய்து இன்று எங்களை நிராகரித்துவிடாதீர்கள்.'

அனுப்பிவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டாள். ஹாலந்தில் இப்போதுதான் விடிந்திருக்கும்.

---

பட்டறைக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். சிவப்பு விரிப்பு போட்ட வட்ட மேஜைகள், சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். மேடைக்கு மேலே அண்ணன் பெயர் சீன எழுத்தில். அதைவிடப் பெரிதாக, தங்க நிற ஆங்கில எழுத்துகளில் அந்த ஒற்றைச் சொல்.

பெய்ரோங் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்று அம்மா கையைப் பிடித்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"மேடையில. உன்னைத்தான் தேடிக்கிட்டே இருக்காரு."

புதுச் சட்டை போட்டு, மைக்கை மிட்டாய்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் குன்சாய். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துட்டா! வா, வா, மேல வா! நான் ஆறாம் வகுப்பு தாண்டாதவன். இந்த வார்த்தை என் வாயில நுழைய மாட்டேங்குது. என் பொண்ணு இதைத்தான் ஊருக்கே சொல்லிக் கொடுக்கறா. அவ சொல்லட்டும், வெள்ளைக்காரன் என் பையனைப் பத்தி என்ன எழுதினான்னு!"

கைதட்டல். யாரோ பின்னாலிருந்து அவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

மைக் கைக்கு வந்தது. முன் மேஜையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். உரித்து முடித்த இறாலையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் எதிர்ச் சாரிக்காரர் ஹுவாங். குழாய்ப் பட்டறையும் முலாம் பட்டறையும் வைத்திருப்பவர். அப்பாவுக்கு நாற்பது வருடப் போட்டியாளர், நாற்பது வருட நண்பர்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு வாங்கப் போகும் பிள்ளைபோல.

"தலைசிறந்த," என்றாள். "மத்ததை எல்லாம் விட்டுத் தனியா எழுந்து நிக்கற அளவுக்கு... சிறந்தது."

பந்தல் அதிர்ந்தது. "அவுட்ஸ்டாண்டிங்!" என்று பீர்க் கிளாஸ்கள் உயர்ந்தன.

அகராதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அவள் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

---

சமையல்காரர்களின் நீராவி அடுக்குகளுக்குப் பின்னால் அப்பாவைத் தனியாகப் பிடித்தாள்.

"அப்பா, அண்ணன்கிட்ட பட்டறைச் சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சீக்கிரம் சொல்லு. மீன் வரப் போகுது."

சொன்னாள். நின்று, திக்கி, ஆரம்பத்திலிருந்து. சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதை. தான் அவசரத்தில் படித்ததை. பெருமைப்படுகிறோம் என்று பதில் எழுதியதை. மேடையில் தெரிந்தே பாதி அர்த்தம் சொன்னதை.

குன்சாயின் சட்டையில் இருந்த சிவப்புத் துணிப் பூவின் வால் நீராவியில் நனைந்து தொங்கியது.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அண்ணனுக்கும்."

"அவனுக்கு எப்போ தெரியும்?"

அவள் தயங்கினாள். "முதல்லேர்ந்தே."

அவர் பக்கத்திலிருந்த காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மூணும் நல்லா இருக்கா?" என்றார்.

"எது அப்பா?"

"அவன் செஞ்ச குழாய். பூச்சை விடு. உருவம் எப்படி?"

"எனக்கு... தெரியாதுப்பா."

"எனக்கும் தெரியாது." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "வெள்ளைக்காரன் நல்லா இருக்குன்னான். உடனே நம்பிட்டேன். பந்தல் போட்டேன். என் பட்டறையில, என் பக்கத்து இயந்திரத்துல நின்னு செஞ்சிருக்கான். ஒரு தடவையாவது கையில எடுத்துப் பாத்தேனா? பாத்திருந்தா, இன்னும் அனுப்பலைன்னும் தெரிஞ்சிருக்கும்ல."

சமையல்காரர் எட்டிப் பார்த்து, "ஷி முதலாளி, மீனை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார்.

"எடுங்க." குன்சாய் எழுந்து, பாத்திரம் கழுவும் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டார். "நீயும் ஒரு கிளாஸ் எடுத்துக்கோ. என் கூட வா."

---

விருந்து கொடுப்பவர் மேஜை மேஜையாகப் போய்க் கிளாஸ் உயர்த்துவது வழக்கம். குன்சாயும் போனார். மகள் பின்னால் போனாள்.

முதல் மேஜையில் பட்டறை ஆட்கள் இருந்தார்கள்.

"முதலாளி, அவுட்ஸ்டாண்டிங்!" என்று வார்ப்புக்கார லின் கத்தினான்.

"கொஞ்சம் கேளுங்கப்பா. அந்த வார்த்தையை நான் தப்பா எடுத்துக்கிட்டேன். அது பாராட்டு இல்லை. மூணு சாம்பிள் இன்னும் வரலைன்னு எழுதியிருக்காங்க. ஆர்டர் கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. நீங்க சாப்பிடுங்க. மீன் ஆறிடும்."

ஏதோ ஜோக் என்று நினைத்து லின் பாதி சிரித்தான். பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிளாஸைக் கீழே வைத்தான்.

அடுத்த மேஜையில் அத்தைகள். அதே வார்த்தைகள். 'நான் தப்பா எடுத்துக்கிட்டேன்.' மிச்ச நண்டுச் சோற்றை வீட்டுக்கு எடுத்துப் போகப் பையில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அத்தை, மெல்ல முடிச்சை அவிழ்த்துச் சோற்றைத் தட்டில் திருப்பிக் கொட்டினாள். துக்க வீட்டில் கை நனைத்துவிட்டதுபோல இருந்தது அவள் முகம்.

ஒவ்வொரு மேஜையிலும் அப்பா 'நான்' என்றார். ஓரிடத்திலும் 'என் பொண்ணு' என்று சொல்லவில்லை. அந்த 'நான்' ஒவ்வொன்றும் பெய்ரோங்கின் முதுகில் விழுந்தது. கையிலிருந்த கிளாஸை அவள் ஒருமுறையும் உயர்த்தவில்லை.

கடைசியில் முன் மேஜை. ஹுவாங் முழுவதையும் கேட்டுவிட்டு, வாயிலிருந்த மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீ எப்படிப்பா தப்பா எடுத்துக்க முடியும்? படிச்சுச் சொன்னது உன் பொண்ணுதானே? என் மருமகளை இவ வகுப்புக்கு அனுப்பலாம்னு வேற இருந்தேன்."

மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவ சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் காது மந்தம்," என்றார் குன்சாய்.

"இல்லை மாமா," என்றாள் பெய்ரோங்.

"அ-ரோங், சும்மா இரு."

"இல்லைப்பா." அவள் கிளாஸை மேஜையில் வைத்தாள். "அப்பா காது நல்லாத்தான் இருக்கு. தப்பாப் படிச்சது நான். மாசக்கணக்கா இந்த வார்த்தையைப் பாடம் நடத்திட்டு, எங்க வீட்டு மெயில்ல கோட்டை விட்டது நான். சித்த முன்னாடி மேடையில நின்னு, உண்மை தெரிஞ்சும் உங்க எல்லாருக்கும் பொய் சொன்னதும் நான்தான். மருமகளை வேற யார்கிட்டயாவது அனுப்புங்க."

ஹுவாங்கின் சிரிப்பு நின்றது. யாரும் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை. அப்பாவின் கிளாஸில் பீர் ததும்பி விரலில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை மகளின் தலையில் ஒரு நொடி வைத்து எடுத்தார்.

அப்போதுதான் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. டிர்க்.

அவள் வரி வரியாகப் படித்தாள். இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை படித்தாள்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றார் அப்பா.

"நம்ம முந்தின பதிலை ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து படிச்சாங்களாம். யாருக்கும் ஒண்ணும் புரியலையாம்." அதைச் சொல்லும்போது மறுபடியும் காது சுட்டது. "இப்போ புரிஞ்சுதாம். முடிவை ஒரு வாரம் தள்ளி வச்சிருக்காங்க. பூச்சு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உருவத்தைப் பாக்கணும், மூணையும் உடனே அனுப்புங்கன்னு..."

"சரியாப் படிச்சியா?"

"சரியாப் படிச்சேன்ப்பா."

குன்சாய் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அ-ஷெங் எங்கே?"

முன் மேஜையில் அண்ணனின் ஸ்டூல் காலியாக இருந்தது. உரித்த இறால் மட்டும் தட்டில் கிடந்தது.

பெய்ரோங் பந்தல் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் ஃபோன் போட்டாள். மூன்றாவது முறைதான் எடுத்தான். காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. கடலோரத்தில் இருக்கிறான் போலிருந்தது.

"அண்ணா, வந்துடு. இன்னும் ஒரு வாரம் இருக்கு. அப்பா கோபமா இல்லை. உன் குழாயைப் பாக்கணும்னு சொல்றாரு. அந்த மூணும் எங்க வச்சிருக்கே?"

"என்கிட்ட இல்லை."

"விளையாடாதே."

"அப்பாவுக்குத் தெரியாம ஹுவாங் மாமாவோட முலாம் பட்டறையில புதுப் பூச்சுக்குக் கொடுத்தேன், அ-ரோங். வரைபடத்தோட சேர்த்து. முடிஞ்சுதான்னு நேத்து போய்க் கேட்டேன். 'நீ எப்பப்பா எங்கிட்ட குழாய் கொடுத்தே?'ன்னு கேக்கறாரு."

பெய்ரோங் திரும்பிப் பார்த்தாள்.

முன் மேஜையில் அப்பா நின்றிருந்தார். மீன் தட்டை ஒதுக்கி, கிளாஸ்களை நகர்த்தி, சிவப்பு விரிப்பைத் தன் உள்ளங்கையால் துடைத்து, மூன்று குழாய்கள் வைக்கும் அளவுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டு வரச் சொல்லு!" என்று அங்கிருந்தே உற்சாகமாகக் கூப்பிட்டார். "ஹுவாங்கும் பாக்கட்டும், என் பையன் என்ன செஞ்சிருக்கான்னு!"

ஹுவாங் தலை நிமிரவில்லை. வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.